செயற்கை நுண்ணறிவு எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன நடக்கிறது?

"2022-க்குப் பிறகு எங்கு பார்த்தாலும் ஏஐ. இதை யார், எப்போது கண்டுபிடித்தார்கள்? உள்ளே என்ன நடக்கிறது? அது உண்மையிலேயே புரிந்துகொண்டுதான் பேசுகிறதா? நான் பி.காம். படித்தவன், கணிதம் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. அடியிலிருந்து சொல்ல முடியுமா, நானும் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா?" இதுதான் கேள்வி.

முடியும். திடீரென்று வரவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். சாட்ஜிபிடி மக்கள் கைக்கு வந்தது 2022 நவம்பர் 30 அன்று. அதன் ஆணிவேரான கருத்தை 1958-லேயே ஒரு ஐபிஎம் கணினியில் ஓட்டிக் காட்டிவிட்டார்கள். இடைப்பட்ட அறுபது சொச்சம் ஆண்டுகளில் பலர் அந்தக் கருத்தைக் கைவிட்டார்கள், சிலர் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஏன் கைவிட்டார்கள், எதனால் அது மீண்டு வந்தது என்பது தெரிந்தால் உள்ளே நடப்பது பாதி புரிந்துவிடும். ஆகவே வரலாற்றையும் கணக்கையும் பிரிக்காமல் சேர்த்தே சொல்கிறேன்.

ஓர் இயந்திரத்தை அறிவுள்ள வேலை செய்யவைக்க இரண்டு வழிகள் உண்டு. நமக்குத் தெரிந்ததையெல்லாம் விதிகளாக எழுதி அதற்குக் கொடுப்பது ஒன்று. உதாரணங்களைக் காட்டி, தப்பு செய்யும்போது தன்னைத்தானே திருத்திக்கொள்ள விடுவது இன்னொன்று. ஏஐயின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு தரப்பும் மாறி மாறி ஏறி இறங்கியதுதான். இன்று நம் கைப்பேசியில் இருப்பது இரண்டாவது வழியில் பிறந்தது.

1943-ல் வாரன் மெக்கல்லக் என்ற நரம்பியல் அறிஞரும் வால்டர் பிட்ஸ் என்ற இளைஞரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிட்ஸுக்கு அப்போது 20 வயதுதான். மூளையின் நரம்பணுவை மிக எளிமையாக்கி ஒரு கணக்காகப் பார்த்தார்கள்: பல பக்கங்களிலிருந்து சமிக்ஞை வருகிறது, அவற்றின் கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் அணு 'ஆம்' என்கிறது, தாண்டாவிட்டால் பேசாமல் இருக்கிறது. இப்படிப்பட்ட அணுக்களைத் தக்கபடி இணைத்தால் தர்க்கக் கணக்குகளைச் செய்யவைக்கலாம் என்று நிறுவினார்கள். உண்மையான நரம்பணு இதைவிடப் பல மடங்கு சிக்கலானது. ஆனால் இந்த எளிய கணக்கு, சாட்ஜிபிடி போன்ற இன்றைய மிகப்பெரிய ஏஐ நிரல்களுக்குள்ளும் (இவற்றை மாடல் என்கிறார்கள்), வடிவம் கொஞ்சம் மாறி இருக்கிறது.

1950-ல் பிரிட்டிஷ் கணித அறிஞர் ஆலன் டூரிங் எழுதிய கட்டுரையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வி தெளிவில்லாதது என்று சொல்லி, அதற்குப் பதிலாக ஒரு விளையாட்டை முன்வைத்தார். எழுத்து வழியாக மட்டும் உரையாடும் ஒருவரால், எதிர்ப்பக்கம் இருப்பது மனிதரா இயந்திரமா என்று கண்டுபிடிக்க முடிகிறதா? இதைத்தான் டூரிங் பரீட்சை என்கிறோம். அந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வளர்ந்த மனிதரின் மனத்தை நேரடியாக நகலெடுக்க முயல்வதைவிட, குழந்தையின் மனத்தைப் போன்ற ஒன்றைச் செய்து அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாமே என்று அங்கே கேட்கிறார். பரீட்சையைவிட இந்தப் பகுதிதான் முக்கியமானது என்பேன். எழுபது ஆண்டு கழித்து நடந்தது ஏறக்குறைய இதுதான்.

செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் துறைக்குக் கிடைத்தது 1955-56-ல். அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் உள்ள டார்ட்மவுத் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, ஐபிஎம்மின் நதானியேல் ரோச்செஸ்டர், பெல் ஆய்வகத்தின் கிளாட் ஷானன் ஆகிய நால்வரும் ராக்பெல்லர் அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். பத்துப் பேர், இரண்டு மாதம், ஒரு கோடைகாலம். கற்றல் உள்பட அறிவின் எந்த அம்சத்தையும் போதுமான அளவு துல்லியமாக விவரித்துவிட்டால் ஓர் இயந்திரத்தை அதுபோலச் செய்யவைக்கலாம் என்பது அவர்களுடைய அடிப்படை நம்பிக்கை. கேட்டது 13,500 டாலர், கிடைத்தது 7,500. 1956 கோடையில் கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டத்தில் ஏஐ முழுசாகப் பிறந்துவிட்டது என்று சொன்னால் அது மிகை. பலர் சில நாள் வந்து தங்கிவிட்டுப் போனார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு மூலையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் தங்களை ஒரே துறையாகப் பார்க்கத் தொடங்கியது அங்கிருந்துதான்.

அந்தக் காலத்தில் கை ஓங்கியிருந்தது விதி எழுதும் தரப்பு. ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன், கிளிஃப் ஷா ஆகியோர் எழுதிய ஒரு நிரல், ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் எழுதிய கணிதத் தர்க்க நூலின் ஓர் அத்தியாயத்திலிருந்து எடுத்த முதல் 52 தேற்றங்களில் 38-ஐத் தானே நிரூபித்தது. கணிதத் தேற்றத்தையே நிரூபிக்கிறது என்றால், மனிதக் குழந்தை செய்வதையெல்லாம் செய்ய எவ்வளவு நாளாகும் என்று அவர்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

நடந்தது தலைகீழ். நமக்குக் கடினமானது இயந்திரத்துக்கு எளிதாக இருந்தது, நமக்கு எளிதானது அதற்கு எட்டவே இல்லை. தேற்றம் நிரூபித்துவிடும், ஒரு படத்தில் இருப்பது பூனையா நாயா என்று சொல்லாது. காரணம் கொஞ்சம் யோசித்தால் தெரியும். தேற்றத்தின் விதிகளை மனிதர்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். பூனையை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறோம் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதவும் தெரியாது. காது, மீசை, வால் என்று பட்டியல் போட்டால், திரும்பிப் படுத்திருக்கும் பூனையிடம் அந்தப் பட்டியல் தோற்றுப்போகும். ஃபோனில் ஒரே ஒரு 'ஹலோ' கேட்டதும் பேசுவது அம்மாதான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரிந்தது என்று விதியாகச் சொல்லுங்கள் என்றால் நம்மால் முடியாது. நம் அறிவில் பெரும்பகுதி இப்படிச் சொல்லில் அடங்காதது. விதி வழியின் உண்மையான தடை இதுதான்.

மொழிபெயர்ப்பிலும் இதே கதைதான். 1954-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் சேர்ந்து ரஷ்ய வாக்கியங்களைக் கணினியால் ஆங்கிலமாக்கிக் காட்டின. அதில் இருந்தவை 250 சொற்களும் 6 இலக்கண விதிகளும். அடுத்த சில ஆண்டுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அப்போது எதிர்பார்த்தார்கள். 1966-ல் அமெரிக்க அரசு அமைத்த குழு, செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. பணம் வற்றியது. 1973-ல் பிரிட்டனில் ஜேம்ஸ் லைட்ஹில் கொடுத்த அறிக்கையும் அங்கே இதே விளைவை ஏற்படுத்தியது.

விதி வழியால் பயனே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1970-களில் உருவான மைசின் என்ற நிரல், சுமார் 600 விதிகளை வைத்துக்கொண்டு ரத்தத்தில் பரவும் தொற்றுக்கு எந்த ஆன்டிபயாட்டிக் என்று ஆலோசனை சொன்னது, நன்றாகவே சொன்னது. 1997-ல் உலகச் சதுரங்க சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் புளூ, நொடிக்கு 20 கோடி சதுரங்க நிலைகளை அலசிய நிரல், பெரும்பாலும் மனிதர்கள் எழுதிக்கொடுத்த அறிவை நம்பியது. உங்கள் ஜிஎஸ்டி கணக்கு மென்பொருளுக்கு இன்றும் விதி வழிதான் சரி. அங்கே விதி தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, கற்றுக்கொண்டு யூகிக்க வேண்டிய அவசியம் இல்லை.

இடையில் நம் ஊர்த் தொடர்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்த ராஜ் ரெட்டி, ஸ்டான்ஃபோர்டில் மெக்கார்த்தியிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, பேச்சை அடையாளம் காணும் ஆராய்ச்சியில் இறங்கினார். 1976-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு உருவாக்கிய ஹார்ப்பி என்ற அமைப்பு சுமார் ஆயிரம் சொற்களைக் காதால் கேட்டுப் புரிந்துகொண்டது. 1994-ல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர். கைப்பேசியிடம் தமிழில் பேசும் நம் வீட்டுப் பெரியவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது இரண்டாவது வழிக்கு வருவோம். 1950-களின் பிற்பகுதியில் ஃபிராங்க் ரோசன்பிளாட் என்ற உளவியல் அறிஞர், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் இருந்த கார்னெல் விமானவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். மெக்கல்லக்கும் பிட்ஸும் சொன்ன அணுவில் ஒரு மாற்றம் செய்தார். ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஓர் எடை கொடுத்தார், தப்பு நடக்கும்போதெல்லாம் அந்த எடைகள் தாமே மாறும்படி வைத்தார். அதற்குப் பெர்செப்ட்ரான் என்று பெயர். 1958 ஜூலையில் ஐபிஎம் 704 கணினியில் அதைக் காட்டினார்கள். இடப்பக்கம் குறி போட்ட அட்டை எது, வலப்பக்கம் குறி போட்டது எது என்று சுமார் 50 முயற்சிகளுக்குப் பிறகு அது பிரித்துச் சொல்லியது. பிறகு இதற்கென்றே மார்க் 1 என்ற தனி இயந்திரத்தைக் கட்டினார்கள். 20-க்கு 20 வரிசையாக 400 ஒளி உணரிகள் அதன் கண். எடைகள் எல்லாம் பழைய ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழ் போன்றவை, சிறு மோட்டார்கள் அவற்றைத் திருகும். இயந்திரம் கற்கிறது என்றால் மோட்டார்கள் குமிழ்களைத் திருகுகின்றன, அவ்வளவுதான்.

இதைக் கையால் போட்டுப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி மோசடியா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு பெர்செப்ட்ரான் செய்வோம். மூன்றே உள்ளீடு: செய்தியில் 'பரிசு' என்ற சொல் இருக்கிறதா, லிங்க் இருக்கிறதா, அனுப்பியவர் நம் தொடர்பில் சேமித்த ஆளா. இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை, தொடக்கத்தில் மூன்றும் 0. கூட்டுத்தொகை 0-க்கு மேல் போனால் மோசடி என்று சொல்லும். தப்பாகச் சொன்னால் மட்டும் திருத்தம்: மோசடியைத் தவறவிட்டால், அந்தச் செய்தியில் 1 ஆக இருந்த உள்ளீடுகளின் எடையில் 1 கூட்டு; நல்லதை மோசடி என்றால் 1 கழி.

முதல் செய்தி: "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, இந்த லிங்கை அழுத்துங்கள்", தெரியாத எண். உள்ளீடு 1, 1, 0. எடையெல்லாம் 0 என்பதால் கூட்டுத்தொகை 0, நல்ல செய்தி என்கிறது. தப்பு. எடைகள் 1, 1, 0 ஆகின்றன.

இரண்டாவது, அக்கா அனுப்பியது: "பாப்பாவுக்குப் பேச்சுப் போட்டியில் பரிசு!" உள்ளீடு 1, 0, 1. கூட்டுத்தொகை 1, மோசடி என்கிறது. தப்பு. 1 ஆக இருந்த இரண்டிலும் கழித்தால் எடைகள் 0, 1, -1.

மூன்றாவது, நண்பர் அனுப்பிய கல்யாணப் புகைப்பட லிங்க். உள்ளீடு 0, 1, 1. கூட்டுத்தொகை 1 - 1 = 0, நல்ல செய்தி. சரி, மாற்றம் இல்லை. நான்காவது: "உங்கள் வீட்டு மின் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும், உடனே இந்த லிங்க்கில் கட்டுங்கள்", தெரியாத எண். உள்ளீடு 0, 1, 0. கூட்டுத்தொகை 1, மோசடி. சரி. முதல் இரண்டையும் மறுபடி போட்டுப் பாருங்கள், இப்போது அவையும் சரியாக வரும்.

என்ன நடந்தது என்று கவனியுங்கள். லிங்க் சந்தேகத்துக்குரியது, தெரிந்த ஆள் அனுப்பினால் சந்தேகம் குறைகிறது, பரிசு என்ற சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. இந்த மூன்றையும் நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. நான்கு உதாரணங்களும் ஒரு திருத்த விதியும் சேர்ந்து அதை மூன்று எண்களாக்கிவிட்டன. ஏஐயின் 'அறிவு' எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் இதுதான்: எடைகளில். இங்கே 3 எடை. 2020-ல் வந்த, சாட்ஜிபிடிக்கு முன்னோடியான ஜிபிடி-3-ல் 17,500 கோடி எடை.

ஐந்தாவதாக, உங்கள் வங்கியே ஒரு லிங்க்கோடு செய்தி அனுப்புகிறது, அந்த எண் நம் தொடர்பில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளீடு 0, 1, 0. மின் இணைப்பு மோசடிக்கும் இதே உள்ளீடுதான். ஒன்று நல்லது, மற்றது மோசடி, ஆனால் இயந்திரத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எடையை எப்படித் திருகினாலும் பிரிக்க முடியாது. உள்ளீட்டில் இல்லாத விஷயத்தை எந்த இயந்திரமும் கற்க முடியாது. ஒரு வங்கியின் கடன் மாடலோ ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் மாடலோ அநியாயமான முடிவு சொல்லும்போது, நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: அதற்கு எதைக் காட்டினார்கள், எதைக் காட்டாமல் விட்டார்கள்?

பெர்செப்ட்ரானுக்கு இன்னும் ஆழமான ஒரு குறை இருந்தது. 1969-ல் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் அதைக் கணிதமாகவே நிரூபித்து ஒரு புத்தகம் எழுதினார்கள். மாடிப்படி விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். இரண்டும் கீழ்நோக்கி இருந்தால் விளக்கு அணைந்திருக்கும், ஏதாவது ஒன்றை மட்டும் மேலே தள்ளினால் எரியும், இரண்டையும் தள்ளினால் அணையும். இதை ஒரு பெர்செப்ட்ரான் கற்க முடியுமா? இரண்டும் 0 என்றால் விளக்கு எரியக் கூடாது, ஆகவே எல்லை 0 அல்லது அதற்கு மேல். முதல் சுவிட்ச் மட்டும் போட்டால் எரிய வேண்டும், ஆகவே அதன் எடை எல்லையைவிட அதிகம். இரண்டாவதன் எடையும் அப்படியே. அப்படியானால் இரண்டும் சேர்ந்தால் கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டித்தான் ஆகும், விளக்கு எரியும். நமக்கு அணைய வேண்டும். முடியவே முடியாது.

தீர்வு இல்லாமல் இல்லை. நடுவில் இரண்டு அணுக்களை வையுங்கள். ஒன்று 'ஏதாவது ஒரு சுவிட்சாவது மேலே இருக்கிறதா' என்று பார்க்கட்டும், மற்றது 'இரண்டும் மேலே இருக்கின்றனவா' என்று பார்க்கட்டும். முதலாவதுக்கு +1, இரண்டாவதுக்கு -1 எடை கொடுத்துக் கடைசியில் ஓர் அணு கூட்டிப் பார்த்தால் மாடிப்படி விளக்கு கிடைத்துவிடுகிறது. அதாவது அடுக்குகள் வேண்டும். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. கடைசி அணு தப்பு செய்தால், நடுவில் இருக்கும் அணுக்களில் யார் எவ்வளவு காரணம்? எந்த எடையை எவ்வளவு மாற்றுவது? ரோசன்பிளாட்டின் எளிய திருத்த விதி இதற்குப் பதில் சொல்லாது. ஆராய்ச்சிப் பணம் வேறு பக்கம் போனது. ரோசன்பிளாட் 1971-ல், தன் 43-வது பிறந்தநாளன்று, படகு விபத்தில் இறந்துபோனார். தன் கருத்து வென்றதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

அடுக்குகளுக்குள் பொறுப்பைப் பிரிக்கும் வழிக்குப் பின்பரவல் என்று பெயர். கணக்கின் அடிப்படை நீங்கள் பள்ளியில் படித்த வகைக்கெழுதான். ஒவ்வொரு எடையிடமும் ஒரே கேள்வி: உன்னைத் துளி கூட்டினால் மொத்தத் தப்பு கூடுமா குறையுமா, எவ்வளவு? கடைசி அடுக்கில் தொடங்கி, சங்கிலி விதியை (ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் கணக்குகளுக்கு வகைக்கெழு காணும் விதியை) பயன்படுத்தி, பின்னோக்கி அடுக்கு அடுக்காக இந்த விடையைக் கணக்கிடுகிறார்கள். பிறகு எல்லா எடைகளையும் தப்பு குறையும் திசையில் துளித்துளி நகர்த்துகிறார்கள். இதையே கோடிக்கணக்கான முறை செய்கிறார்கள். ஃபின்லாந்தின் செப்போ லின்னைன்மா 1970-லும் அமெரிக்காவின் பால் வெர்போஸ் 1974-லும் இந்தக் கணக்கைத் தொட்டுவிட்டார்கள். உலகம் கவனித்தது 1986-ல் ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதியபோது. யார் கண்டுபிடித்தது என்ற உங்கள் கேள்விக்கு ஒற்றைப் பெயர் சொல்ல முடியாததற்கு இது நல்ல சான்று.

1989-ல் பெல் ஆய்வகத்தில் யான் லெகுன் இந்த முறையால் கடித உறைகளில் கையால் எழுதிய அஞ்சல் குறியீட்டு எண்களைப் படிக்கவைத்தார். வேலை செய்தது. அப்புறம் ஏன் 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது? காட்டுவதற்குப் போதுமான உதாரணங்களும் இல்லை, கணக்குப் போடுவதற்குப் போதுமான வேகமும் இல்லை.

முதல் குறையைத் தீர்த்ததில் கணினி அறிவியலாளர் ஃபெய்-ஃபெய் லீயின் பங்கு பெரிது. அவருடைய குழு 2009-ல் இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பை வெளியிட்டது, அது கோடிக்கு மேற்பட்ட படங்களாக வளர்ந்தது. ஒவ்வொரு படத்திலும் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொடுத்தவர்கள், இணையம் வழியாகச் சிறு கூலிக்கு வேலை செய்த உலகெங்குமுள்ள சாதாரண மனிதர்கள். ஏஐ தானே கற்றது என்று பேசும்போது இவர்களை மறந்துவிடுகிறோம், அது சரியில்லை. இரண்டாவது குறையைத் தீர்த்தது கணினி விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட கிராஃபிக்ஸ் கார்டு. விளையாட்டில் திரைப் புள்ளிகளைக் கணக்கிடுவதும் சரி, எடைகளைப் பெருக்கிக் கூட்டுவதும் சரி, ஒரே மாதிரிக் கணக்கை ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் செய்வதுதான்.

இரண்டும் 2012-ல் சேர்ந்தன. டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஹின்டனின் மாணவர்கள் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கியும் இல்யா சட்ஸ்கீவரும் அணுக்களை அடுக்கடுக்காக இணைத்த, 6 கோடி எடைகள் கொண்ட வலைப்பின்னலை, இரண்டே கிராஃபிக்ஸ் கார்டுகளில், 12 லட்சம் இமேஜ்நெட் படங்கள் காட்டி, ஒரு வாரத்துக்குள் பயிற்றுவித்தார்கள். ஐந்து யூகங்களில் ஒன்றாவது சரியா என்று பார்க்கும் போட்டியில் அவர்களுடைய தவறு 15.3 சதவீதம். இரண்டாவதாக வந்தவருக்கு 26.2. ஒரே ஆண்டில் இவ்வளவு வித்தியாசம் வந்ததும் துறையே திரும்பிப் பார்த்தது. திடீர் என்ற சொல்லுக்குப் பொருத்தமான ஆண்டு ஒன்று உண்டென்றால், என் கணிப்பில் அது 2022 இல்லை, 2012.

பயிற்சியைப் பற்றி ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். எடைகள் ஏராளமாக இருந்தால், இயந்திரம் கற்காமலேயே காட்டிய உதாரணங்களை மனப்பாடம் செய்துவிட முடியும். அதனால் எப்போதும் கொஞ்சம் உதாரணங்களைக் கண்ணில் காட்டாமல் ஒதுக்கி வைத்து, கடைசியில் அவற்றில் பரீட்சை வைப்பார்கள். இதுவரை பார்க்காததில் சரியாகச் சொன்னால்தான் கற்றது என்று அர்த்தம். எந்த ஏஐ விளம்பரத்தில் '99 சதவீதம் துல்லியம்' என்று பார்த்தாலும், எந்தப் பரீட்சையில் என்று கேளுங்கள்.

சரி, சாட்ஜிபிடிக்கு வருவோம். பூனைப் படத்துக்கு 'பூனை' என்று யாராவது குறித்துக்கொடுக்க வேண்டும். மொழிக்கு அந்தச் செலவு இல்லை. ஏற்கெனவே எழுதப்பட்ட எந்த வாக்கியத்தையும் பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று கேட்டால் போதும், விடை அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. "கனமழை காரணமாகப் பள்ளிகளுக்கு இன்று" என்று நிறுத்தினால், 'விடுமுறை' என்பதற்கு அதிக நிகழ்தகவு கொடுக்க மாடல் கற்க வேண்டும். தப்பாகச் சொன்னால் பின்பரவல் எடைகளைத் துளி நகர்த்தும். இதையே இணையத்தில் கிடைக்கும் எழுத்திலும் நூல்களிலும் இடைவிடாமல் செய்கிறார்கள். அடுத்த சொல்லை நன்றாக யூகிக்க வேண்டுமென்றால் இலக்கணமும் தெரிய வேண்டும், ஊர் உலக நடப்பும் தெரிய வேண்டும், கொஞ்சம் கணக்கும் தெரிய வேண்டும். ஆகவே யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்காமலே இவற்றின் சாயல்கள் எடைகளில் படிந்துவிடுகின்றன. இந்தத் துறையில் எனக்கு இன்றும் வியப்புத் தரும் விஷயம் இதுதான்.

2017-ல் கூகுளைச் சேர்ந்த எட்டு ஆய்வாளர்கள் டிரான்ஸ்ஃபார்மர் என்ற வடிவத்தை வெளியிட்டார்கள். "பந்து பானைக்குள் போகவில்லை, அது பெரிதாக இருந்தது" என்றால் பெரிது எது? பந்து. "அது சிறிதாக இருந்தது" என்றால்? பானை. ஒரு சொல்லின் பொருள், தூரத்தில் இருக்கும் இன்னொரு சொல்லைப் பொறுத்து மாறுகிறது. ஒவ்வொரு சொல்லும் மற்றவற்றில் எதை எவ்வளவு கவனிக்க வேண்டும் என்பதையும் எடைகள் வழியாகவே கற்றுக்கொள்ள இந்த வடிவம் வழி செய்தது. அதோடு, பயிற்சியின்போது சொல் சொல்லாக வரிசையில் காத்திருக்காமல் மொத்தத்தையும் ஒரே சமயத்தில் கணக்கிட முடிந்ததால் கிராஃபிக்ஸ் கார்டுகளை முழுசாகப் பயன்படுத்த முடிந்தது. மாடல்கள் மளமளவென்று பெருத்தது இதற்குப் பிறகுதான்.

அடுத்த சொல்லை யூகிப்பது மட்டும் தெரிந்த மாடல், கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இன்னும் நான்கு கேள்விகளை எழுதிவைக்கும். அதனால் இரண்டாம் கட்டமாக, நல்ல பதில் எப்படி இருக்கும் என்று மனிதர்கள் எழுதிக் காட்டி, வந்த பதில்களில் எது மேல் என்று மதிப்பிட்டு, எடைகளை மறுபடி நகர்த்துகிறார்கள். அந்தப் பணிவான பேச்சு அங்கிருந்து வருகிறது.

இப்போது, அது ஏன் நெஞ்சறியாமல் பொய் சொல்கிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். உள்ளே கோப்புகளோ பட்டியலோ இல்லை, எடைகள் மட்டுமே. கற்ற காலத்தின் பெரும்பகுதியில் அதற்கு வைத்த பரீட்சை 'அடுத்து எது பொருத்தமாக வரும்' என்பது, 'எது உண்மை' என்பது இல்லை. நிறையப் பேர் எழுதிய விஷயத்தில் பொருத்தமானதும் உண்மையும் ஒன்றாகவே இருக்கும். உங்கள் ஊர்க் கோயிலின் தல வரலாறு போல, கொஞ்சம் பேர் மட்டும் எழுதியதைக் கேட்டால் இரண்டும் பிரியும், அப்போது அது பொருத்தமானதையே எழுதும், அதே நம்பிக்கையான குரலில். இப்போது வரும் பல கருவிகள் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு எழுதுகின்றன. தப்பு குறைகிறது, ஒழியவில்லை.

தமிழில் ஏன் தடுமாறுகிறது என்பதற்கும் விடை இங்கேதான். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இணையத்தில் தமிழ் எழுத்து மிகக் குறைவு. அதோடு மாடல்கள் எழுத்தைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன. கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்ற சொல்லுக்கு 15 பைட் இடம் ஆகிறது, ஐந்து ஆங்கில எழுத்துகளுக்கு 5 பைட். பெரும்பாலும் ஆங்கிலத்தைப் பார்த்து அமைத்த வெட்டும் முறை, நம் சொற்களைப் பொருளில்லாத சின்னத் துண்டுகளாக நறுக்கிவிடுகிறது. ஒரே செய்திக்குத் தமிழில் அதிகத் துண்டுகள், அதிகச் செலவு. தமிழில் நல்ல எழுத்து, அதுவும் அறிவியல், சட்டம், மருத்துவம் பற்றிய எழுத்து, நிறைய வர வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

அது புரிந்துகொள்கிறதா? 1966-ல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் எழுதியதைத் திருப்பிப் போட்டுக் கேள்வி கேட்கும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அது எப்படி உருவானது என்பதைக் கண்ணெதிரே பார்த்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு கொஞ்சம் பேசிவிட்டு, தனியாகப் பேச வேண்டும், அறையை விட்டு வெளியே போங்கள் என்று அவரிடம் சொன்னாராம். வைசன்பாம் அதிர்ந்துபோனார். சரளமாகப் பேசும் எதற்கும் மனம் உண்டு என்று நம்பிவிடுவது நம் இயல்பு, ஆகவே நம் உள்ளுணர்வை இதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்றைய மாடல்கள் எலைசா போல வெறும் திருப்பிப் போடும் வேலை செய்வதில்லை. சொற்களுக்கிடையே உள்ள உறவுகளை மிக நுட்பமாகப் பிடிக்கின்றன, புதிய கணக்கைப் போடுகின்றன, நிரல் எழுதுகின்றன. அந்த அளவில் அதைப் புரிதல் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. பசி, வலி, இழப்பு இவற்றைப் பட்டு அறிந்த புரிதல் அதற்கு உண்டு என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. உடல்நிலை, பணம், வழக்கு சம்பந்தமான முடிவை அதன் பேச்சை மட்டும் நம்பி எடுக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கற்க முடியுமா என்பது. தேவையான கணிதம் மூன்றே தலைப்பு: அணிகள், வகைக்கெழு, நிகழ்தகவு. பி.காம். போகும் முன் வணிகக் கணிதம் எடுத்திருந்தால் இவற்றைத் தொட்டிருப்பீர்கள், பழைய பாடப்புத்தகத்தைத் தூசி தட்டுங்கள். மேலே சொன்ன நான்கு குறுஞ்செய்திக் கணக்கை வெள்ளைத்தாளில் ஒரு முறை போடுங்கள், உள்ளீட்டை ஐந்தாக்கி இன்னொரு முறை போடுங்கள். அதையே பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதினால் இருபது வரிக்குள் முடியும். அப்புறம் எம்நிஸ்ட் என்ற இலவசத் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் எழுதிய எண்களின் படங்கள், ஒவ்வொன்றும் 28-க்கு 28 புள்ளி, பயிற்சிக்கு 60,000, பரீட்சைக்கு 10,000. ஒரே ஓர் அடுக்கில் தொடங்கி, நடுவில் இன்னோர் அடுக்கைச் சேர்த்து, பரீட்சை மதிப்பெண் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். சாதாரண லேப்டாப் போதும், கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. அதில் எங்கே மாட்டிக்கொண்டாலும் கேளுங்கள், அங்கிருந்து தொடர்வோம்.